எச்சில் தொட்ட பட்டு நூல்

குமாரசாமியின் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து கட்டை வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். தெருவே அழுதது. தம்பி வீரபாகு மட்டும் அழவில்லை. மேலே போர்த்தியிருந்த வேட்டியை விலக்கிப் பார்த்தான். கழுத்துக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரைக்கும் சணலால் தைத்திருந்தார்கள். விரற்கடைக்கு ஒரு தையல். இரண்டு தையலுக்கு நடுவே சதை பிதுங்கி நின்றது. சணல் முடிச்சு ஒவ்வொன்றும் புளியங்கொட்டை போல மார்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

1961, பங்குனி மாதம். உற்சவத்தில் சாமி தூக்கும் தண்டின் முன் கொம்புக்கு யார் தோள் கொடுப்பது என்று இரண்டு தெருக்காரர்களுக்குள் வாய்த் தகராறு. காலை பத்து மணி, மேளம் கொட்டிக்கொண்டே இருக்கிறது, யாரோ மடியிலிருந்து பிச்சுவாவை உருவினார்கள். மூன்று குத்து. குமாரசாமி தண்டை விடாமலே விழுந்தான். அண்ணன் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஓடியவன் வீரபாகுதான். அந்தக் கைதான் இப்போது சணலைத் தடவிக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன் இன்னா, கோணிப்பையா?" என்றான்.

வீட்டுக்குள் போனான். தறியில் பாதி நெய்த அரக்குப் புடவை கிடந்தது. பாவுக்குப் போக மிஞ்சிய பட்டு நூலை எடுத்து நாலு இழை சேர்த்து முறுக்கினான். ஊசியோடு வந்து அண்ணன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சணலை ஒவ்வொரு முடிச்சாக அறுத்தான். பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். அவன் பட்டு நுனியை நாக்கில் தொட்டு, முறுக்கி, ஊசிக் காதில் கோத்து, நெல் மணி அளவுக்கு ஒரு தையலாகப் போட்டுக்கொண்டே போனான். முடித்தபோது அண்ணன் மார்பில் ஒரு மெல்லிய கோடுதான் இருந்தது. அதற்கப்புறம்தான் அழுதான். அப்படி அழுதான்!

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. பிணப் பரிசோதனை செய்கிற டாக்டர் கலியாணசுந்தரம் கூப்பிடுகிறார்.

"போஸ்ட்மார்ட்டம் பண்ண பாடியைப் பிரிச்சுத் தைச்சியாமே? அது குத்தம், தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா. சணல்ல தைக்கிறது குத்தமில்லீங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க அண்ணனைத் தைச்சது சபாபதின்னு ஒருத்தன். அவன் இப்ப இல்லை. உங்க அண்ணன் விலா எலும்பை வெட்டும்போது அந்த முனை அவன் விரல்ல குத்திடுச்சு. ஒரு முள்ளு குத்தின அளவுதான். அன்னைக்கு ராத்திரியே கை வீங்கிச்சு. மறுநாள் தோள் வரைக்கும் செவப்பு ஏறிடுச்சு. நேத்துப் போயிட்டான். அவன் வேலை காலியா இருக்கு. அந்த வேலைக்கு வர ஆளு கிடையாது. நான் பொய் சொல்லிக் கூப்பிட விரும்பலை. இந்த வேலை ஆளைத் தின்னும். வரியா?"

வீரபாகு யோசிக்கக்கூட இல்லை. "வரேங்க" என்றான்.

அவன் பேட்டை பிள்ளையார்பாளையமே கொந்தளித்தது. தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்த குடும்பம் பிணம் அறுக்கப் போகிறதா? தறிக் குழியில் அவன் இறங்கக்கூடாது என்று பங்காளிகள் தீர்த்துச் சொன்னார்கள். கோயிலில் விபூதி வாங்கும்போது பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள். மனைவி வடிவாம்பாள் சண்டை போடவில்லை. கொல்லைக் கிணற்றடியில் ஒரு அண்டாவும் மாற்று வேட்டியும் வைத்தாள். அவன் பின்பக்கமாக வர வேண்டும். அவள் தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுவாள். ஏழு சொம்பு. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். அவன் கையைப் பார்க்கவே மாட்டாள்.

பிண அறை என்பது ஆஸ்பத்திரிக்குப் பின்னால், புளியமரத்தடியில், ஓடு வேய்ந்த ஒற்றை அறை. நடுவே ஒரு கருங்கல் மேடை. ஒரு ஜன்னல். ஒரு குழாய், அதுவும் வெளியில். கையுறை மொத்தம் ஒரே ஜோடி. அது டாக்டருக்கு. கிழிந்தால் சைக்கிள் கடையில் கொடுத்து பஞ்சர் ஒட்டி வாங்கி வருவார்கள். உறுப்பு கெடாமல் வைக்கும் பார்மலின் புட்டியைத் திறந்தால் கண்ணிலிருந்து நீர் கொட்டும். ஏரியில் மூழ்கி நாலு நாள் கழித்து வருகிற உடம்பு, கத்தி பட்டதும் சீறும்; முகத்தில் அடிக்கும். காசநோயில் செத்தவனின் நுரையீரலை அறுத்த பிறகு ஒரு மாதம் இருமல் வந்தால் போதும், டாக்டரும் வீரபாகுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வெட்டுப்பட்டு வந்த உடம்புக்குள் முறிந்த அரிவாள் முனை கிடக்கும். தேடுகிற விரலைப் பதம் பார்க்கும். கூட வேலை பார்த்த தர்மனுக்கு இடது கை மோதிர விரலில் பாதிதான் இருந்தது. கேட்டால், "மீதியை ஒரு பொணம் கொண்டுபூட்சு" என்பான்.

தர்மன் வாய் ஓயாது.

"இன்னா முதலியாரே, பொணத்துக்குப் பொடவைக் கோர்வை போடறியா? சரிகையும் வச்சிடேன். மொகூர்த்தத்துக்குப் போவுதாம்."

"யோவ் தர்மா, உன்னைத் தைக்கும்போது சணல்லயே தைக்கறேன், சந்தோசமா?"

"எனுக்கு எதுக்குய்யா தையலு? அப்பிடியே தொறந்து வை. காத்தாட்டமா இருக்கும்."

சிரித்துக்கொண்டே வேலை நடக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் தர்மனும் சிரிக்க மாட்டான், டாக்டரும் சிரிக்க மாட்டார்.

பட்டு நெய்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இழை அறுந்தால் நுனியை நாக்கில் தொட்டு, இரண்டு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை. வீரபாகு அதை ஐந்து வயதில் கற்றான். கொசு கடித்தால் கை தானாகச் சொறிவது போல, அவனுக்குத் தெரியாமலே நடக்கும். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் நுனி வாய்க்குப் போகும். பிணத்தைத் தைக்கும்போதும்.

முதல் தடவை பார்த்ததும் டாக்டர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். "துப்பு! துப்புடா! உன் கையில என்ன இருக்கு, அந்த மேடையில என்ன இருக்கு, தெரியுமா? ஒரு நாள் இல்லை ஒரு நாள் அந்த நூல்தான் உன்னைக் கொல்லப் போகுது." சொந்தக் காசில் மதராஸிலிருந்து இன்னொரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்தார். வீரபாகு இரண்டு நாள் போட்டுப் பார்த்தான். "ரப்பருக்குள்ள விரலு செத்துப்பூடுதுங்க ஐயா. இழை எங்கேன்னே தெரிய மாட்டேங்குது" என்று ஆணியில் மாட்டினான். அது அங்கேயே காய்ந்து வெடித்தது.

இப்படியே ஏழு வருடம். தினமும் ஒரு முறையாவது தர்மன் அவன் கையைத் தட்டிவிடுவான்.

1968 ஆவணியில் அங்கம்மாள் வந்தாள்.

தாமலில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊர் மாகறல். வயது இருபத்திரண்டு. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தானே குடித்துவிட்டாள் என்று புருஷன் அப்பாதுரை எழுதிக் கொடுத்திருந்தான். அறைக்கு வெளியே புளியமரத்தின் ஒரு பக்கம் அப்பாதுரையும் அவன் ஆட்கள் ஆறு பேரும். இன்னொரு பக்கம் அங்கம்மாளின் அண்ணன்கள் இரண்டு பேர். நடுவில் போலீஸ்காரர் வீராசாமி, ஒற்றைத் தடியோடு.

டாக்டர் வயிற்றைத் திறந்ததும் பூண்டு நாற்றம் அறையை அடைத்தது. அந்த மருந்தின் வாசனை அது. தர்மன் ஜன்னலைத் திறந்தான். டாக்டர் இரைப்பையின் இரண்டு முனையையும் கட்டி அறுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார். ஈரலும் சிறுநீரகமும் இன்னொரு ஜாடியில். மதராஸ் பரிசோதனைக்குப் போக வேண்டியவை. பிறகு அவள் வாயைத் திறந்தார். கீழ் உதடு உட்பக்கம் கிழிந்திருந்தது. முன்பல் இரண்டு உடைந்திருந்தன. தாடையில் இரண்டு பக்கமும் விரல் பதிந்த கருப்பு.

"இவ குடிக்கலை. தாடையைப் புடிச்சு, எதையோ வச்சு வாயை நெம்பி, ஊத்தியிருக்காங்க" என்றார் டாக்டர்.

அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே அப்பாதுரை நின்றிருந்தான்.

ஈரல் ஜாடிக்கு அரக்கு முத்திரை வைத்தாயிற்று. அதை எடுத்துக்கொண்டு டாக்டரும் வீராசாமியும் முன் கட்டிடத்துக்குக் காகிதம் எழுதப் போனார்கள். இரைப்பை ஜாடிக்கு அரக்கு உருக்க வேண்டும். தர்மன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

கதவு உடைந்து விழுந்தது.

முதல் கட்டை தர்மன் மண்டையில் இறங்கியது. அடுப்பின் மேலேயே விழுந்தான். "எதுடா? எந்த ஜாடிடா?" என்று அப்பாதுரை கத்தினான். கையில் வண்டி முளைக்குச்சி. வீரபாகு ஜாடியை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தான்.

"குட்றா!"

"மாட்டேன். நீ இன்னா பண்ணாலும் குட்க்க மாட்டேன்."

"பொணம் அறுக்கிற நாயி! உனுக்கு இன்னாடா அவ? உங்கக்காளா?"

முளைக்குச்சி நேரே ஜாடியில் இறங்கியது. நெஞ்சின் மேலேயே வெடித்தது. கண்ணாடிச் சில்லு இரண்டு கையையும் கிழித்தது. உள்ளே இருந்ததெல்லாம் சட்டையில், வயிற்றில், கிழிந்த கைகளில் வழிந்தது. பூண்டு நாற்றம் கண்ணைக் குருடாக்கியது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முழங்காலில். அவன் சரிந்தான். அதற்குள் ஆட்கள் மேடையிலிருந்த உடம்பின் காலைப் பிடித்து இழுத்தார்கள். கழுத்திலிருந்து அடிவயிறு வரைக்கும் திறந்து கிடக்கிற உடம்பு!

எங்கிருந்து அந்த பலம் வந்ததோ. வீரபாகு எழுந்து அவள் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். இரண்டு கையாலும் வயிற்றை மூடினான். ஏழு வருடத்துக்கு முன் அண்ணன் வயிற்றைப் பொத்தியது போலவே.

"தைக்காம தூக்காதீங்கடா! கொட்டிப்பூடும்டா! டேய், அவ கொட்டிப்பூடுவாடா!"

முதுகில் அடி விழுந்துகொண்டே இருந்தது. அவன் விடவில்லை. விசில் சத்தம் கேட்டது. வீராசாமியும் அங்கம்மாளின் அண்ணன்களும் உள்ளே பாய்ந்தார்கள். வாசலில் பல் உடைந்தது, கை முறிந்தது, யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அப்பாதுரையை மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். டாக்டர் அங்கே ஓடினார்.

தர்மன் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காதோரம் ரத்தம் ஒழுகியது.

"சட்டையைக் கழட்டுய்யா மொதல்ல. குழாயாண்ட போ. ஜல்தியா கழுவு."

"அவ அண்ணனுங்க வெளிய நிக்கறாங்க. இப்ப உள்ள வந்து பாத்தா? தங்கச்சிய இப்பிடியா பாப்பாங்க? தைச்சிட்டுப் போறேன்."

"கழுவிட்டுத் தையேன்யா!"

"தோ, அஞ்சு நிமிசம்."

ஈரச் சட்டையோடு, ரத்தம் ஒழுகும் கையோடு அவன் தைக்க ஆரம்பித்தான். விரல் வழுக்கியது. நூல் ஊசிக்குள் போகவில்லை. நுனி வாய்க்குப் போனது. தர்மன் அப்போது வெளியே தலையைக் கழுவிக்கொண்டிருந்தான். தட்டிவிட ஆளில்லை. நூல் அறுந்தது. மறுபடியும் வாய்க்கு. மார்பு முடிந்து வயிற்றுக்கு வரும்போது மூன்றாவது முறை.

மத்தியானம் ஒரு மணி இருக்கும். வெயில் கொளுத்துகிறது. ஆனால் வீரபாகுவுக்கு அறை மங்கிக்கொண்டே வந்தது. ஊசிக் காது தெரியவில்லை. "தர்மா, மழை வருதா? ஒரே இருட்டா இருக்குதே" என்றான்.

"மழையா? வானம் வெளுத்துக் கெடக்குது, இன்னா ஒளறிக்கினு..." சொல்லிக்கொண்டே உள்ளே வந்து பார்த்த தர்மன் நின்றுவிட்டான். வீரபாகுவின் வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. முகத்தில் வேர்வை கொட்டியது. இமையும் கன்னமும் துடித்தன. கண்ணில் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"வாயில வச்சியா? யோவ், நூலை வாயில வச்சியாய்யா?"

வீரபாகுவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த மருந்து குடித்த எத்தனை பேரைத் தைத்திருக்கிறான்! "கடைசித் தையலு... முடிச்சு மட்டும் போட்ரு" என்றான். வேட்டி நனைந்தது. விழுந்தான்.

தர்மன் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். துணியைக் கிழித்தெறிந்து, சோப்பைக் குழைத்துத் தேய் தேயென்று தேய்த்தான். "டாக்டரய்யா! டாக்டரய்யா!" என்று அவன் போட்ட கூச்சல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. டாக்டர் ஓடிவந்து கண்ணைப் பிரித்துப் பார்த்தார். நெஞ்சில் காது வைத்தார். உள்ளே கஞ்சி கொதிப்பது போலச் சத்தம். அந்த விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டார். கருமணி விரியவில்லை. இன்னொன்று. இன்னொன்று. ஆஸ்பத்திரியில் இருந்தது தீர்ந்தது. கடைத்தெருவிலிருந்த மருந்துக் கடையெல்லாம் ஆள் ஓடியது. சாயங்காலம் வரைக்கும் குத்திக்கொண்டே இருந்தார். "எழுந்திருடா, உன்னை நான் அறுக்க மாட்டேண்டா" என்று அவர் சொன்னதை வார்டில் எல்லோரும் கேட்டார்கள்.

வடிவாம்பாள் ஏழு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாள். இப்போது வீரபாகுவுக்கு விஷம் இறங்கி, ஊசி மருந்தின் வெறி ஏறியிருந்தது. முகம் செக்கச்செவேலென்று இருந்தது. வாய் வறண்டு, கண்மணி அகலமாக விரிந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்றினான். கைகள் மட்டும் காற்றில் எதையோ பிடித்துப் பிடித்து முறுக்கின. கட்டுப்போட்ட விரல் காற்றில் ஒரு இழையைப் பிடிக்கும், நாக்குக்குப் போகும், முறுக்கும், மறுபடி இன்னொரு இழை.

"இன்னா பண்றாருங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

வடிவாம்பாளுக்குத் தெரியும். அவளும் நெசவுக்காரி. "பாவு பிணைக்கிறாரு" என்றாள்.

விரல் வாய்க்குப் போகும்போதெல்லாம் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடம் பார்க்கவே பார்க்காத கை. இரண்டு நாள் அவள் அதை விடவில்லை.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் கேட்டாள்.

"இன்னாங்க, அந்த வேலை வாணாங்க. விட்டுடுங்க."

"விட்டா சணல்லதான் தைப்பானுங்க, வடிவு."

"நீங்க செத்தா?"

அவன் கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தான். அவளும் அப்புறம் கேட்கவில்லை. அவன் மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில் ஒரு துணிச் சுருளை நீட்டினாள். பிரித்தான். பத்து ஊசி. பத்திலும் முறுக்கிய பட்டு கோத்து, மெழுகு தடவி, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. எச்சிலுக்கு இனி வேலையே இல்லை. ஆணியில் காய்ந்த கையுறையை டாக்டர் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தார். இந்த முறை போட்டுக்கொண்டான். தையல் கொஞ்சம் கோணியது. பொறுத்துக்கொண்டான்.

ஈரல் ஜாடி மதராஸ் போய், விஷம் இருக்கிறது என்று காகிதம் வந்தது. வழக்கு நடந்தது. அப்பாதுரை ஜாமீனில் வெளியே வந்தான். தை மாதம், கோர்ட்டுக்கு வந்து இறங்கிய அன்று காலை, பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடைக்கு முன்னால் அங்கம்மாளின் அண்ணன்கள் அவனை வெட்டினார்கள். வெட்டிவிட்டு அரிவாளோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்கள்.

பதினோரு மணிக்கு அப்பாதுரை கருங்கல் மேடையில் கிடந்தான். தலை, தோள், கழுத்து, கை, முதுகு. வலது கை தோலில் தொங்கியது. ஜாடியை உடைத்த கை.

டாக்டர் முடித்துவிட்டுப் போனார். தர்மன் சணல் உருண்டையை எடுத்து மேடையில் வைத்தான்.

"இவனுக்கு இது போதும்யா. இதுவே ஜாஸ்தி."

வீரபாகு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். முதுகில் இன்னும் தடிப்பு இருந்தது. பார்வை முன்போல இல்லை. துணிச் சுருளைப் பிரித்தான்.

"அய்ய, இவனுக்கா? பட்டா? உன்னைக் கொன்னவன்யா இவன்!"

"இவன் ஆத்தா வெளிய ஒக்காந்துக்கினு இருக்குது, பாத்தியா? அதுக்குத்தான் குட்க்கணும் இவனை."

தர்மன் முணுமுணுத்துக்கொண்டே சணலை எடுத்து மூலையில் எறிந்தான்.

வெட்டு எல்லாம் சேர்த்துப் பதினேழு. ஊசியோ பத்து. தலை, தோள், கழுத்து என்று நெல் மணித் தையலாகப் போட்டுக்கொண்டே வந்தான். தொங்கிய கையைச் சேர்க்கும்போது பத்தாவது ஊசியும் தீர்ந்தது. கையுறையோடு புது நூல் எடுத்தான். ஊசியைத் தூக்கினான். நூல் நுனி வாய்க்கு எழும்பியது.

பளாரென்று ஒரு அடி. ஊசி பறந்தது.

"வைக்காதய்யா வாயில! இன்னொரு தபா உன்னைத் தூக்கிக்கினு ஓட என்னால ஆவாது!"

தர்மன் வெளியே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தான். பாதி விரலோடு, நாக்கைத் துருத்திக்கொண்டு, நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு நூல் கோத்தான். வாழ்க்கையில் முதல் தடவை. நாலு முறை தவறி, ஐந்தாவது முறை உள்ளே போனது. "இந்தா, பிடி" என்று நீட்டினான்.

சாயங்காலம் வீரபாகு கொல்லைப் பக்கமாக வந்தான். வடிவாம்பாள் கிணற்றடியில் நின்றாள். இப்போதெல்லாம் அவள் தள்ளி நிற்பதில்லை. சோப்பைத் தானே குழைத்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். நகக்கண் வரைக்கும்.

"ஊசி பத்திச்சா?"

"பத்தல."

அடுத்த சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

"நாளைக்கு இருவதா கோக்கறேன்" என்றாள்.